பதினொரு மணிக்குச் சரியாகிவிடும் பழுது

"தம்பி, காலையில கடையத் தொறந்து சுவிட்சப் போட்டா சிஸ்டம் ஆன் ஆகவே மாட்டேங்குது. நீ வர்ற நேரம் பாத்து நல்லா ஓடுது."

"நான் வந்தா மட்டும் எப்டிண்ணே ஓடும்?"

கடற்கரையோரக் கடைகளுக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து வடக்கே போனால், காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தைத் தாண்டியதும் கனகசெட்டிக்குளம் வரும். புதுச்சேரி அங்கே முடிகிறது. ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் மீனவர் குடியிருப்பும் கடலும். சாலையோரத்து மெடிக்கல், மொபைல் கடை, ஜெராக்ஸ் கடை எல்லாவற்றிலும் ஒரு கணினியாவது ஓடிக்கொண்டிருக்கும். அலை வந்து விழும் இடத்துக்கும் அந்தக் கணினிக்கும் அதிக தூரம் இல்லை.

காலை எட்டு மணிக்கு உயிர் வராத பெட்டி பதினொரு மணிக்கு ஏன் எழுந்துகொள்கிறது? முதலில் பேயையும் கடைக்காரரின் கைராசியையும்தான் சந்தேகிக்கத் தோன்றும். உண்மையான குற்றவாளி சமையலறையில் இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை எல்லோரும் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தன்னையே கரைத்துக்கொள்ளும். கடல் உப்பின் கதை இன்னும் மோசம். அதில் முக்கால் பங்குக்கும் மேல் சோடியம் குளோரைடுதான் என்றாலும், பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. மெக்னீசியம் குளோரைடு 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே கரையத் தொடங்கிவிடும். நம் கரையில் காற்று அவ்வளவு வறண்டுபோகும் நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக, கடல் உப்பு படிந்த எதுவும் இங்கே முழுதாகக் காய்வதே இல்லை. விடியற்காலையில் ஈரப்படலம் தடிக்கும், வெயில் ஏற ஏற மெலியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த உப்பு, மூடிய பெட்டிக்குள் எப்படிப் போகிறது? நாமே ஊதி உள்ளே அனுப்புகிறோம். சாதாரண மேசைக் கணினியின் ஃபேன்கள் நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் என்று வைத்துக்கொண்டால், பத்து மணி நேரக் கடைக்கு 600 கன மீட்டர். அலை உடையும் கரையருகே ஒரு கன மீட்டர் காற்றில் சில பத்து மைக்ரோகிராம் உப்பு மிதக்கும். வருடம் முழுக்கக் கணக்குப் போட்டால் சில கிராம் உப்பு அந்தப் பெட்டி வழியாகப் போய்வந்திருக்கும். பெரும்பகுதி காற்றோடு போய்விடும். கொஞ்சம் தூசியோடு ஒட்டிக்கொண்டு போர்டின் மேல் தங்கும். கேட்டுக்குப் பக்கத்தில் பெட்டியைத் தரையில் வைத்திருக்கும் கடைகளில் தங்குவது கூடுதல்.

போர்டின் மேல் ஓடும் செப்புக் கோடுகளுக்கு இடையே மயிரிழை இடைவெளிதான். அந்த இடைவெளியில் உப்புநீர்ப் படலம் பரவினால் போகக்கூடாத வழியில் மிகச் சிறிய மின்சாரம் கசியும். இந்தக் கசிவைப் பெரும்பாலான சர்க்யூட்டுகள் பொருட்படுத்தாது. பொருட்படுத்தும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மதர்போர்டிலும் அரிசி மணி அளவில் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கும். நேரத்தைக் காப்பது அதன் வேலை. நொடிக்குச் சரியாக 32,768 தடவை அதிரும். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பதினைந்தாவது அடுக்கில் வரும் எண் அது. அதனால் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒரு நொடி கிடைத்துவிடும். இந்தப் படிகம் மிகமிகச் சொற்ப மின்சாரத்தில் ஆடுவது. அதன் கால்களைச் சுற்றி ஈர உப்பு இருந்தால் ஆட்டம் நின்றுபோகலாம். அது நின்றால் பல போர்டுகள் பவர் பட்டனை அமுக்கினாலும் பதில் சொல்லாது. ஃபேன் சுற்றாது, பீப் வராது, விளக்கு எரியாது. கடைக்காரர் "போர்டு போச்சு" என்று முடிவுகட்டிவிடுவார். பதினொரு மணிக்குப் படலம் மெலிந்ததும் படிகம் ஆடத் தொடங்கும்.

இன்னொரு விதமும் உண்டு, அது பார்க்கவே அழகாக இருக்கும். மின் அழுத்தம் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே ஈரம் இருந்தால், ஒரு கோட்டின் உலோகம் அயனியாகக் கரைந்து நகர்ந்து மறு கோட்டில் போய்ப் படியும். படிந்த இடத்திலிருந்து கிளை விட்டு, பெரணி இலை வடிவத்தில் எதிர்த்திசையில் வளரும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கண்ணில் படும். அது முதல் கோட்டைத் தொட்ட நொடியில் ஷார்ட். ஆனால் இலை அவ்வளவு மெலிசு, பாயும் மின்சாரத்தில் அதுவே எரிந்து அறுந்துவிடும். தடயத்தை அழித்துவிட்டுப் போகும் பழுது. பிறகு மறுபடி வளரும்.

இப்போது அந்தத் தம்பியின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவர் வரும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. கை நீட்டிக் காட்ட எதுவும் இல்லை. அனுபவம் குறைந்தவர் ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டுப் போவார். எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையை மாற்றுவார், மறுநாள் ரேமை மாற்றுவார், அதற்கடுத்த வாரம் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவார். இரண்டு நாள் வெயில் அடித்தால் "சரியாயிடுச்சு" என்று பெயரும் கிடைக்கும். சரியாக்கியது வெயில் என்பது இருவருக்கும் தெரியாது. விவரம் தெரிந்தவர் முதலில் திருப்புளியைத் தொடமாட்டார், கேள்வி கேட்பார். எத்தனை மணிக்கு ஆச்சு? முந்தின நாள் மழையா? ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்து திங்கள்கிழமை வந்தால் இன்னும் மோசமா? திங்கள் மோசம் என்று பதில் வந்தால் அவர் கண் பிரகாசமாகும். ஒரு நாள் முழுக்கப் பெட்டி சூடே இல்லாமல் ஈரத்தில் கிடந்திருக்கிறது.

அடுத்து ஹேர் டிரையர். காலையில் கடை திறக்கும்போதே வந்து, இரண்டு நிமிடம் போர்டின் மேல் இளஞ்சூட்டில் காற்றடித்துவிட்டு பட்டனை அமுக்குவார். ஓடினால் ஈரம்தான் காரணம் என்று சொல்லிவிடலாமா? முடியாது. பழைய கெப்பாசிட்டர் உள்ளே உலர்ந்துபோயிருந்தாலும் சூடு பட்டால் கொஞ்சம் சுறுசுறுப்பாகும். விரிசல் விட்ட பற்றவைப்பும் சூட்டில் விரிந்து மறுபடி தொட்டுக்கொள்ளும். மூன்று சந்தேகக்காரர்களும் ஒரே சாட்சியைக் காட்டித் தப்பிக்கிறார்கள். அதனால் மூவரையும் பிரிக்கும் சோதனை வேண்டும். மறுநாள் காலை சூடு காட்டாமல், போர்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலரவிட்டு ஆன் செய்யவேண்டும். கழுவியதில் சரியாகி, அதன்பிறகு தொடர்ந்து எல்லாக் காலையிலும் ஓடினால் உப்புதான். கெப்பாசிட்டரையோ விரிசலையோ கழுவிக் குணப்படுத்த முடியாது. ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் செய்வதும் இதேதான். அவர்களுக்கு எதிரே நின்று "எவ்ளோ நேரம் ஆகும், பில்லு போடணும்" என்று கேட்க ஆள் கிடையாது என்பது ஒன்றுதான் வேறுபாடு.

அந்த அவசரமும் கணக்கில் வரும் பொருள்தான். எதை முதலில் சோதிப்பது என்பதற்குக் கணிதத்தில் தெளிவான விடை உண்டு. ஒரு பெட்டி எழுந்திருக்கவில்லை. மூன்று காரணங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பவர் கார்டு தளர்ந்திருக்க 20 விழுக்காடு வாய்ப்பு, பார்க்க ஒரு நிமிடம். ரேம் சரியாக உட்காராமலிருக்க 30 விழுக்காடு, பத்து நிமிடம். போர்டே பழுதாயிருக்க 50 விழுக்காடு, கழற்றி மாற்றிப் பார்க்க ஒரு மணி நேரம். அதிக வாய்ப்புள்ளதை முதலில் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். போர்டு, ரேம், கார்டு என்ற வரிசையில் போனால் பழுதைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 65 நிமிடம் ஆகும். கார்டு, ரேம், போர்டு என்று போனால் 39 நிமிடம். வாய்ப்பை நேரத்தால் வகுத்து, வரும் எண் பெரியதாக இருப்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது சூத்திரம். கார்டுக்கு 20, ரேமுக்கு 3, போர்டுக்கு ஒன்றுக்கும் கீழே. "மொதல்ல பிளக்கு ஒழுங்கா சொருகியிருக்கா பாருங்க" என்று போனிலேயே கேட்டால் சில கடைக்காரர்களுக்குக் கோபம் வரும். தன்னை முட்டாளாக்குவதாக நினைப்பார்கள். கேட்கிறவர் சூத்திரப்படிதான் நடக்கிறார்.

ரேமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மறுபடி சொருகுவது நம் ஊர் சர்வீஸ்காரர்களின் கைவைத்தியம். சிரிக்க வேண்டாம், அதில் விஷயம் இருக்கிறது. தங்கம் துருப்பிடிக்காது. ஆனால் அந்தப் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன்தான். மனித முடியின் தடிமனில் எழுபதில் ஒரு பங்குகூட இல்லை. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். உப்பும் ஈரமும் அவற்றின் வழியே இறங்கி அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் அரிக்க, அரிப்பு மேலே வந்து தங்கத்தை மூடும். ரப்பர் அதை உரசி எடுக்கிறது. கூடவே கொஞ்சம் தங்கத்தையும் எடுத்துவிடும், துளைகள் பெருகும், அடுத்த அரிப்பு சீக்கிரம் வரும். ஒருமுறை செய்யலாம். மாதாமாதம் செய்தால் நோயை வளர்க்கிறோம்.

சூத்திரப்படி எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ரீஸ்டார்ட். ஒரு நிமிடத்தில் முடியும், பல பிரச்சினைகள் தீரும். ஏன் தீர்கிறது? பல நாள் ஓடும் ஒரு மென்பொருள் தன் நினைவகத்தில் சின்னச் சின்னப் பிசகுகளைச் சேர்த்துக்கொண்டே போகும். 1991 வளைகுடாப் போரில் இது உயிர்களை வாங்கியது. பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் கடிகாரம் பத்தில் ஒரு நொடியாக எண்ணும். பத்தில் ஒன்று என்பதை இரும எண்ணில் எழுதினால் முடிவே இல்லாமல் போகும், எங்கோ வெட்டியாக வேண்டும். வெட்டிய துணுக்கு சேர்ந்து சேர்ந்து, 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடிய தஹ்ரான் தளத்தில் 0.34 நொடிப் பிழை ஆனது. அந்த நேரத்தில் எதிரே வரும் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். பிப்ரவரி 25 அன்று அமைப்பு தவறான இடத்தில் தேடியது. 28 அமெரிக்க வீரர்கள் செத்தார்கள். நிறுத்தி மறுபடி போட்டிருந்தால் கடிகாரப் பிழை பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கும்.

"நேத்து ராத்திரியே ஆஃப் பண்ணிட்டுதாண்ணே போனேன், இதுல ரீஸ்டார்ட் எதுக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் விண்டோஸ் அவர்களை ஏமாற்றியிருக்கிறது. விண்டோஸ் 8 வந்த 2012 முதல், 'ஷட் டவுன்' கொடுத்தால் அது முழுதாக அணைவதில்லை. வேகமாகத் திறக்கவேண்டும் என்பதற்காக, உள்மையத்தை அப்படியே ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கும். காலையில் அதே பழைய நிலையை எடுத்து விரித்துக்கொள்ளும், பிசகுகளோடு சேர்த்து. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். சந்தேகமிருந்தால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து 'அப் டைம்' என்ற எண்ணைப் பாருங்கள். தினமும் அணைக்கும் கணினியில்கூட அது பல நாள் ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டும்.

பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது என்பது இந்தக் கரையோரத்தின் இன்னொரு புகார். டெஸ்டரை வைத்தால் நியான் மங்கலாக எரியும். "பாடி ஷார்ட்" என்று சொல்லி எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவார்கள், புதியதும் அடிக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்தும் ஒன்று நியூட்ரலிலிருந்தும் வந்து நடுவில் பெட்டியின் உலோகத்தில் சேரும். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சொற்ப மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டி 230-இன் சரிபாதியில், 115 வோல்ட்டில், மிதக்கும். கொல்லும் அளவு மின்சாரம் வராது. ஆனால் வேறு சாக்கெட்டில் இருக்கும் பிரிண்டரின் கேபிளை ஓடும்போது சொருகினால் யுஎஸ்பி போர்ட் புகைந்துபோக அது போதும். பழுது கணினியில் இல்லை, தரையில் இருக்கிறது. மேல்மணல் காய்ந்திருந்தால் மின்சாரத்தை ஏற்காது. எர்த் குழியை ஈரம் எட்டும் ஆழத்துக்குத் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். போர்டைத் தின்னும் அதே உப்புக்கு இங்கே காவல்காரர் உத்தியோகம்.

பழுது எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆகக் குறைந்த செலவு, பக்கத்துக் கடையில் கேட்பது. இண்டர்நெட் உங்களுக்கும் இல்லையா, எனக்கு மட்டுமா? ஒரே கேள்வியில் பாதி உலகம் கழிந்துவிடும். 2024 ஜூலை 31 அன்று பல கடைகளில் சில வாடிக்கையாளர்களின் யுபிஐ மட்டும் போகவில்லை, மற்றவர்களுக்குப் போனது. கடையின் கியூஆர் அட்டையும் சரி, நெட்டும் சரி. சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தின் கணினிகளில் ரான்சம்வேர் புகுந்திருந்தது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அந்த நிறுவனத்தைப் பொது வலையிலிருந்து துண்டித்துவிட்டது. சுமார் 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். மறுநாள் இணைப்பு திரும்பியது. என் கணக்கில் அந்தத் துண்டிப்பு சரியான முடிவு. எரிகிற வீட்டைக் காப்பாற்றும் முன் தெருவைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஒரு கடையில் வைரஸ் என்று சந்தேகம் வந்தால் சர்வீஸ்காரர் போனில் முதலில் சொல்வதும் அதுதான்: "நெட் ஒயரப் புடுங்கிடுங்க, அப்புறம் பேசிக்கலாம்."

கனகசெட்டிக்குளத்துக்கென்றே ஒரு பழுது உண்டு, அதற்குக் காரணம் பிரெஞ்சுக்காரர்கள். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சியைக் கைமாற்றிவிட்டுப் போனபோது துண்டு துண்டான எல்லையையும் விட்டுப்போனார்கள். புதுச்சேரி நகரத்திலிருந்து இந்த ஊருக்கு வர, நடுவே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டைக் கடந்தாக வேண்டும். ஊரைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும். புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. இங்கிருக்கும் ஒரு ஹார்டுவேர் கடை, எல்லைக்கு அந்தப் பக்கம் பதிவு செய்த ஒரு விடுதிக்குச் சரக்கை இறக்கினால் அது மாநிலம் விட்டு மாநிலம் போன வியாபாரம். ஐஜிஎஸ்டி 18 விழுக்காடு போடவேண்டும். வாடிக்கையாளர் விவரத்தில் மாநிலத்தைப் 'புதுச்சேரி' என்று விட்டுவிட்டால் மென்பொருள் 9-ம் 9-ம் என்று பிரித்துப்போடும். கூட்டினால் தொகை ஒன்றுதான், பில்லில் யாருக்கும் உறுத்தாது. மாதக் கடைசியில் ஆடிட்டர் கத்தும்போது, "சாஃப்ட்வேர்ல வைரஸ், பில்லு தப்பா போடுது" என்று சர்வீஸுக்குப் போன் வரும். வந்தவர் மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் அதே தவறுதான் வரும், ஏனென்றால் தவறு தரவில் இருக்கிறது. கடை நடத்தும் கணினிகளில் பார்த்தால், மின்சாரம் தொட்ட பழுதுகளைவிட இப்படிப்பட்டவைதான் நேரத்தைத் தின்னும் என்பது என் எண்ணம்.

இந்தக் கரைக்குக் கணினி வந்த கதையே பழுதை முன்கூட்டி எதிர்பார்த்து எடுத்த முடிவுகளால் ஆனது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து, எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கரண்ட் நிற்காது, போன் லைன் அறாது என்று நம்பித் திட்டம் போடவில்லை. சூரியத் தகடுகள் வைத்தார்கள், ஊர்களை வானொலி அலையால் இணைத்தார்கள். உள்ளூர் ஆட்களே மையத்தை நடத்தப் பழகினார்கள். வீராம்பட்டினத்துக்கான அலை உயர முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சங்கிலியின் கடைசிக் கண்ணி ஒலிபெருக்கி. அதற்குப் பாஸ்வேர்டு வேண்டாம், படிக்கத் தெரியவும் வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போனில் எச்சரித்ததும் அங்கிருந்த மையத்தின் ஒலிபெருக்கியில்தான் ஊரே மேட்டுக்கு ஓடச் சொல்லிக் கேட்டது. உயிர்கள் தப்பின.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, 46 செ.மீ.க்குக் குறையாத மழையை ஒரே நாளில் கொட்டியபோது, கடைகளில் முழங்கால் தண்ணீரில் கணினிகள் நின்றன. நனைந்த பெட்டியை "ஓடுதான்னு பாப்போம்" என்று ஆன் செய்வதுதான் அதைக் கொல்வது. மின்சாரம் இல்லாதவரை தண்ணீர் போர்டுக்குப் பெரிய தீங்கு செய்யாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, சேறும் உப்பும் போகப் போர்டைப் பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரில் கழுவி, ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காயவைத்தால் பல போர்டுகள் பிழைக்கும். தண்ணீரில் விழுந்ததைத் தண்ணீரிலேயே கழுவுவதா என்று கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

ஹார்டு டிஸ்க் அப்படிப் பிழைக்காது. முன்கூட்டிச் சொல்லிவிட்டும் சாகாது. 2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். படிப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. அப்படியானால் பிழை காட்டும்வரை காத்திருக்கலாமே என்றால் அதுவும் முடியாது. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் செத்திருந்தன. எச்சரிக்கை வந்தால் நம்பு, வராவிட்டால் அதை நம்பாதே. கணக்கு மென்பொருளின் பேக்கப்பை 'டி' டிரைவில் எடுத்துவைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: சி-யும் டி-யும் பெரும்பாலும் ஒரே தட்டின் இரண்டு பகுதிகள். தட்டு நின்றால் இரண்டும் சேர்ந்து நிற்கும். ஒரு பிரதி பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ கடைக்கு வெளியே, வீட்டில் இருக்க வேண்டும். ஃபெஞ்சல் மாதிரி ஒன்று வந்தால் கடைக்குள் இருக்கும் எல்லாப் பிரதியும் ஒரே தண்ணீரில்தான்.

கடைசியில் கடைக்காரர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ரிப்பேர் பண்ணவா, புதுசு வாங்கவா?" எதிர்காலம் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்று நினைப்போம். கணிதம் ஒரு வழி சொல்கிறது. புதிய பெட்டி 24,000 ரூபாய் என்றால், பழையதற்குச் செய்த ரிப்பேர்ச் செலவுகளைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். அடுத்த ரிப்பேரோடு சேர்த்தால் கூட்டுத்தொகை 24,000-ஐத் தாண்டும் என்றால், அதற்கு ஒப்புக்கொள்ளாமல் புதியதை வாங்கிவிடுங்கள். ஆக மோசமான நிலையில் மொத்தம் 48,000 செலவாகியிருக்கும். எல்லாம் முன்கூட்டியே தெரிந்த ஒரு ஜோசியர் முதல் நாளே வாங்கி 24,000-இல் முடித்திருப்பார். எப்படிப் பார்த்தாலும் ஜோசியரைவிட இரண்டு மடங்குக்கு மேல் நஷ்டப்பட மாட்டீர்கள். ஒன்றும் தெரியாமல் முடிவெடுப்பவருக்கு, காசு சுண்டிப் பார்க்காமல் இதைவிட நல்ல உத்தரவாதம் கிடையாது என்பதை நிரூபித்தே இருக்கிறார்கள்.

நடைமுறையில் நான் அவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்லமாட்டேன். அந்தக் கணக்கு கடை நின்றுபோகும் காலை நேரத்தை விலையில் சேர்க்கவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு பழைய பெட்டிக்குக் கொட்டும் பணம் முன்பைவிடக் குறைந்த நாளுக்குத்தான் உதவும். கனகசெட்டிக்குளம் மாதிரி ஊரில் புதிது வாங்குவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல. பில் போடவும் ஸ்டாக் பார்க்கவும் ஃபேனே இல்லாத கையடக்கப் பெட்டிகள் கிடைக்கின்றன, அவற்றின் உலோக உடம்பே சூட்டை வெளியேற்றும். காற்றை இழுக்காத பெட்டி உப்பையும் இழுக்காது. அதைத் தரையில் வைக்காமல் மேசைக்கு அடியில் ஓர் ஆணியில் மாட்டி, இரவிலும் அணைக்காமல் விட்டால் உள்ளே எப்போதும் வெளியைவிடச் சில டிகிரி சூடு இருக்கும். மின்சாரச் செலவு ஒரு சிறு எல்இடி பல்பு அளவு. அந்தச் சில டிகிரி போதும், விடியற்காலையில் உள்ளே ஈரப்பதம் 75-க்குக் கீழேயே நிற்க.